சுட்டிச் சிவலையின் பேத்திகள்

எங்கள் அப்புவுக்கு (தாத்தாவுக்கு)த் தன் சொந்தப் பூட்டியின் பெயர் தெரியாது. கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆச்சி எண்டுதான் எல்லாரும் கூப்பிட்டது பிள்ளை" என்பார். ஆனால் பட்டியில் நிற்கிற எந்தப் பசுவைக் காட்டினாலும் அதன் தாய் எது, தாயின் தாய் எது, எந்த மாரியில் பிறந்தது, எந்த நாம்பனுக்கு (காளைக்கு)ப் பிறந்தது என்று ஐந்து தலைமுறைக்குத் தடுமாறாமல் சொல்லுவார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. எல்லாம் வாய்க்கணக்கு.

இலங்கையின் வடக்கே வன்னியில், துணுக்காய்ப் பக்கத்தில் குளத்தையும் காட்டையும் நம்பி இருந்த ஊர் எங்களுடையது. வயல் வைத்திருந்த எல்லோரிடமும் இரண்டு மாடாவது நிற்கும். பட்டி வைத்திருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பட்டி மாட்டுக்கு வைக்கோலும் தொழுவமும் கிடையாது. காலபோக விதைப்புத் தொடங்கும் புரட்டாதி, ஐப்பசியில் அவற்றைப் பயிர்நிலத்திலிருந்து விலக்கிக் காட்டோரம் சாய்த்துக்கொண்டு போவார்கள். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் வெட்டின வயல்களில் மேய விடுவார்கள். இரவில் கட்டைகள் நட்ட பட்டிக்குள் அடைப்பு. சிறுத்தைக்கும் நரிக்கும் பயந்து பட்டி வாசல் கடப்படியில் தீ எரியும். மாடு பார்க்கிறவன் அங்கேயே கொட்டில் போட்டுப் படுப்பான். அப்பு கலியாணம் முடித்த பிறகும் வருடத்தில் பாதி நாள் அப்படித்தான் படுத்தார் என்று அம்மம்மா குறைப்பட்டுக்கொள்வார்.

இந்தப் பட்டிக்குள் ஒரு பரம்பரை வழி மட்டும் தனியாக இருந்தது. அதைத்தான் வீட்டில் எல்லோரும் 'சுட்டி வழி' என்போம்.

அப்புவின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வடக்கன் நாம்பனை வாங்கிக்கொண்டு வந்தாராம். வடக்கன் என்றால் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த பெரிய மாடு. காங்கேயத்து உடம்பு, அகன்ற நெற்றி, தடித்த ஏரி (திமில்). எங்கள் நாட்டு மாடு அதன் பக்கத்தில் நின்றால் கன்று மாதிரித் தெரியும். ஆனால் நாட்டு மாட்டுக்கு வேறொரு பலம் உண்டு. ஆடி மாதத்து வெயிலில் காய்ந்த புல்லைத் தின்று, இரண்டு கட்டை (மைல்) நடந்து தண்ணீர் குடித்து, அதே உடம்போடு திரும்பி வரும். உண்ணிக்கும் காய்ச்சலுக்கும் எளிதில் விழாது. அந்த வடக்கனுக்குப் பட்டியில் நின்ற ஒரு சிவலைப் பசுவை விட்டார்கள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, சின்ன உடம்பு, ஓட்டத்தில் பிடிக்க முடியாத பசு. அதுதான் முதல் சுட்டிச் சிவலை. அதன் பசுக்கன்றுகளை ஒருபோதும் விற்பதில்லை என்று பூட்டன் வைத்த கட்டுப்பாட்டை எங்கள் ஐயா காலம்வரை யாரும் மீறவில்லை. நாம்பன் கன்றுகளை விற்றார்கள். நல்ல விலைக்கு விற்றார்கள். அவற்றை வாங்க வருகிறவர்கள் சவாரிக்காரர்கள்.

மாட்டு வண்டிச் சவாரியைப் பற்றி வன்னியில் உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக: நேராக நீண்ட திடல், பக்கத்துப் பக்கமாக இரண்டு வண்டில், ஒவ்வொன்றிலும் ஒரு சோடி மாடு. கோட்டில் நின்ற வண்டில்கள் விட்டவுடன் கண்மூடித் திறப்பதற்குள் மறுமுனைக்குப் போய்விடும். ஏ, பி, சி என்று பிரிவு உண்டு. பொங்கல் முடிந்து வயல் காய்ந்தால் சவாரிக் காலம். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் திடல் திடலாக நடக்கும். ஒரு திடலில் வென்ற சோடியின் பெயர் அடுத்த கிழமை நாலு ஊருக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் குடும்பம் சவாரி ஓடிய குடும்பம் இல்லை. ஓடுகிற மாட்டைப் பிறப்பித்த குடும்பம். இது எனக்கு முக்கியமான வித்தியாசமாகப் படுகிறது. திடலில் கைதட்டு வண்டிலில் நிற்பவருக்கும் மாட்டின் சொந்தக்காரருக்கும் போகும். அந்த மாட்டின் தாயை யார் வைத்திருந்தார்கள், எந்தப் பஞ்சத்தில் அதற்கு யார் குழை வெட்டிப் போட்டார்கள் என்பதை ஒலிபெருக்கியில் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பு அதற்காக மனவருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. திடலுக்குப் போவார், வேலியோரம் நிற்பார், தன் பட்டியில் பிறந்த நாம்பன் ஓடும்போது அதன் பின்னங்கால் விழுகிற இடத்தைப் பார்ப்பார். வென்றதா தோற்றதா என்று வீட்டுக்கு வந்து சொல்ல மறந்துவிடுவார். "இடப்பக்கப் பின்னங்கால் தாயின்ரைதான்" என்பார். அதுதான் செய்தி.

அவர் கன்று பார்க்கும் முறையை நான் பல தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பிறந்த அன்றைக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். இளங்கொடி விழுந்து, அதைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தூக்கி, தாய்க்குக் கஞ்சி வைத்து, கடும்புப் பாலைக் கன்று வயிறு நிறையக் குடித்ததா என்று பார்ப்பதோடு சரி. கன்று துள்ளத் தொடங்கிய பிறகுதான் கண் வைப்பார். முதலில் நடை. முன்னங்கால் வைத்த தடத்தில் பின்னங்கால் விழுகிறதா, அதைத் தாண்டி விழுகிறதா. தாண்டி விழுந்தால் எட்டி நடக்கிற மாடு. பிறகு குளம்பு: இரண்டு பிளவும் சேர்ந்து, கறுப்பாக, உரமாக இருக்க வேண்டும்; விரிந்த குளம்பு மாரிச் சேற்றில் நோகும். முழங்கால் உள்ளே சாயக்கூடாது. வால் மெல்லியதாக, குஞ்சம் நிலத்தைத் தொடாமல். கண்ணில் மருட்சி கொஞ்சம் இருக்கலாம், வெறி இருக்கக்கூடாது. பல்லைப் பார்ப்பதெல்லாம் வாங்குகிறவன் வேலை, பிறந்த மாதம் தெரிந்தவனுக்குப் பல் எதற்கு என்பார்.

சுழியும் பார்ப்பார். நெற்றியில், முதுகில், ஏரிக்குப் பின்னால் என்று மயிர் சுழிந்திருக்கிற இடத்தை வைத்துக் குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூடாத சுழி என்று அரைவிலைக்கு விற்ற நாம்பன்கள் பிறர் வீட்டில் போய் நன்றாக உழுததை நானே கண்டிருக்கிறேன். ஆனால் சுழி பார்க்கிற பழக்கத்தால் ஒரு நன்மை நடந்தது: ஒவ்வொரு கன்றின் உடம்பையும் உச்சி முதல் வால்வரை விரலால் தடவிப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டார்கள். அந்தப் பதிவுதான் எங்களுக்குப் பிறகு பயன்பட்டது.

2002இல் யுத்தம் நின்று சமாதானம் வந்து, வடக்கைத் தெற்கோடு சேர்க்கும் ஏ9 வீதி திறந்தது. அடுத்த வருடம் சித்தப்பா கொழும்பு போய் அங்கிருந்து கட்டாருக்குப் போனார். சாரதி வேலை என்று சொல்லித்தான் போனது. போன இடத்தில் அவருக்குக் கிடைத்தது குதிரை லாயத்தில் வேலை. அதுவரை அவர் கண்ட குதிரை என்றால் நெடுந்தீவில் தரவை வெளியில் தன்பாட்டில் திரிகிறவைதான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்த்துக் கைவிட்டுப்போன குதிரைகளின் வழி. கட்டாரில் அவர் பார்த்தது வேறு உலகம். கோடையில் வெளியே கால் வைக்க முடியாத வெயிலில் குதிரைகளுக்குக் குளிரூட்டிய கொட்டில். ஒவ்வொன்றுக்கும் கடவுச்சீட்டு. கழுத்தில் தோலுக்குள் மின்னணு அடையாளச் சில்லு. தாய் தகப்பன் சரிதானா என்று மரபணுப் பரிசோதனை.

மாட்டைத் தெரிந்தவன் குதிரையைச் சீக்கிரம் பழகிக்கொள்வான் என்று சித்தப்பா சொல்லுவார். அவர் பயப்படாமல் கிட்டப் போனார், பின்னால் போகாமல் தோளோரம் போனார், கையை முதலில் மணக்கக் கொடுத்தார். கொஞ்ச நாளில் குட்டி ஈனும் குதிரைகளை அவரிடம் விட்டுவிட்டார்கள். பசு ஒன்பது மாதத்துக்கு மேல் சில நாள் சுமக்கும். குதிரை பதினொரு மாதம். குதிரை பெரும்பாலும் இரவில்தான் ஈனும், ஆள் பக்கத்தில் நின்றால் பிந்திப்போடவும் செய்யும். ஆகவே லாயத்தின் மூலையில் அசையாமல் குந்தியிருக்கத் தெரிந்த ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டார். மாட்டுப்பட்டியில் படுத்து வளர்ந்தவருக்கு அது ஒரு வேலையா?

கிழமைக்கு ஒருக்கால் தொலைபேசி எடுக்கும்போது அப்புவும் அவரும் கதைத்தது முழுக்க இதுதான். பெண்சாதி பிள்ளை சுகம் விசாரிப்பதற்கு முன்னால் "அங்கை தாய்வழி பாக்கிறவங்களோ?" என்று அப்பு கேட்டார். பார்க்கிறார்கள் என்று சித்தப்பா சொன்ன நாளில் அப்புவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறக்க முடியாது.

உண்மையில் அரபுக் குதிரையின் வரலாறே தாய்வழிதான். பாலைவனத்துப் பெதூயின்கள் குதிரையின் குலத்தைத் தாயை வைத்தே சொன்னார்கள். குஹைலான், சக்லாவி, உபையான், ஹம்தானி, ஹத்பான் என்று ஐந்து பெரிய குலங்கள் பெரும்பாலும் சொல்லப்படும். தகப்பன் எந்தக் குலமானாலும் குட்டி தாயின் குலத்தையே சேரும். நபிகள் பல நாள் தாகத்தோடு விட்ட குதிரைகளைத் தண்ணீரைக் கண்டு ஓடும்போது திரும்பக் கூப்பிட்டார் என்றும், தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்த ஐந்து பெண்குதிரைகளிலிருந்து அந்தக் குலங்கள் வந்தன என்றும் ஒரு கதை உண்டு. அது கதைதான். ஆனால் எதை மதித்தார்கள் என்று அதில் தெரிகிறது. போருக்கும் பெண்குதிரையையே விரும்பினார்கள். எதிரியின் குதிரையைக் கண்டு கனைத்துக் காட்டிக்கொடுக்காது என்பதற்காக. குளிர் இரவில் கூடாரத்துக்குள் குடும்பத்தோடு கட்டிவைத்த குதிரையும் அதுதான். அவர்களும் சுழி பார்த்தவர்கள் என்று கேட்டபோது அப்பு சிரித்தார்.

இன்னொன்றும் சித்தப்பா விசாரித்துச் சொன்னார். நல்ல பெண்குதிரையைப் பெதூயின்கள் முழுதாக விற்பதில்லையாம். வயிற்றில் பங்கு வைத்து விற்பார்கள். அதாவது குதிரை உனக்கு, அது போடுகிற முதல் பெண்குட்டி எனக்கு, அல்லது அடுத்த இரண்டு எனக்கு. இதைக் கேட்ட அப்பு, "இது எங்கடை வாரம்தானேடா" என்றார். எங்கள் பக்கத்தில் மாட்டை வாரத்துக்கு விடுவது பழைய முறை. வளர்க்க வசதி உள்ளவரிடம் ஒரு நாகை (இன்னும் கன்று போடாத இளம்பசுவை)க் கொடுப்பது, பால் வளர்ப்பவருக்கு, கன்றுகளில் ஒன்றுவிட்டு ஒன்று கொடுத்தவருக்கு. கடதாசி இல்லை, சாட்சி இல்லை, இரண்டு வீட்டின் நாக்குதான் உறுதி. அதே 2003இல் அப்பு சுட்டி வழியில் பிறந்த ஒரு நாகை வவுனியாவில் இருந்த எங்கள் தூரத்துச் சொந்தக்கார அக்கா ஒருவருக்கு வாரத்துக்குக் கொடுத்தார். அவவின் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள், பால் தேவைப்பட்டது. வேறு பெரிய யோசனை எதுவும் அதில் இல்லை.

திரும்பவும் யுத்தம். 2008 ஆடிக்குப் பிறகு எங்கள் பக்கம் சனம் இடம்பெயரத் தொடங்கியது. எங்கள் வீட்டார் அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு என்று நகர்ந்தார்கள். பட்டியில் பாதியைக் காட்டிலேயே விட்டார்கள். மீதியை அப்பு சாய்த்துக்கொண்டு வந்தார். அந்தக் கார்த்திகையில் வந்த புயல் மழையில் வீதியெல்லாம் வெள்ளம். மேய்ச்சல் இல்லாமல் மாடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வண்டில் மாடுகள் இரண்டும் விசுவமடு வரை வந்தன. அதற்கு அப்பால் புல்லும் இல்லை, இடமும் இல்லை. அப்பு அவற்றை அவிழ்த்து, பற்றையில் சிக்கிச் சாகக்கூடாது என்று மூக்கு நாணயக் கயிறுகளை அறுத்துவிட்டு, முதுகில் தட்டி அனுப்பினார். அதற்குப் பிறகு நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. 2009இல் செட்டிகுளத்து முகாமில் அப்பு காலமானார். கடைசி நாட்களில் மாடுகளின் பெயர்களைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தார். அம்மா பக்கத்தில் இருந்து அவற்றை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதினார். எதற்கு எழுதுகிறோம் என்று யோசித்து எழுதவில்லை, அவர் சொல்வதை நிற்பாட்ட மனமில்லாமல் எழுதியதாகச் சொன்னார்.

2010இல் ஊருக்குத் திரும்பியபோது காடெல்லாம் சொந்தக்காரர் இல்லாத மாடுகள். குறி பார்த்து, அடையாளம் சொல்லிச் சிலர் தங்களுடையதை மீட்டார்கள். எங்கள் குறி போட்ட மாடு ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஆறு மாதம் கழித்து வவுனியா அக்காவின் வீட்டுக்கு அம்மாவும் நானும் போனோம். போனது துக்கம் விசாரித்தவர்களுக்கு நன்றி சொல்ல. பின்வளவில் நான்கு மாடுகள் நின்றன. மூன்றின் நெற்றியில் சுட்டி. அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினார்: "இது நீங்கள் தந்ததின்ரை இரண்டாவது கன்று, அது உங்கடை. இது அதின்ரை மூத்தது. இடையிலை நாம்பன் ஒண்டு பிறந்தது, அதையும் உங்கடை கணக்கிலை வித்துக் காசு வச்சிருக்கிறன்." ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல், நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று தெரியாத மாதங்களிலும் அந்தப் பெண் கணக்கு வைத்திருந்தார். முதுகில் இருந்த சுழி, காதின் உள்மயிர், எல்லாம் அவவுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாகுகளை ஒரு சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். எங்கள் சுட்டி வழி இன்றைக்கு இருப்பது அந்த வீட்டால்தான். அம்மா கொப்பியைத் திறந்து அப்பு சொன்ன பெயர்களுக்குக் கீழே இந்த இரண்டையும் எழுதினார்.

அரபுக் குதிரை வளர்த்த குடும்பங்களின் கதைகளைச் சித்தப்பா சொல்லவும் நானாகத் தேடி வாசிக்கவும் தொடங்கியது அதற்குப் பிறகு. 1848 முதல் 1854 வரை எகிப்தை ஆண்ட அப்பாஸ் பாஷா பெதூயின்களிடம் ஆள் அனுப்பி, வாய்வழியாக இருந்த குதிரைப் பரம்பரைகளைக் கேட்டு எழுதச் செய்தார். இங்கிலாந்தில் வில்பிரட் பிளண்டும் ஆன் பிளண்ட் சீமாட்டியும் பாலைவனம் வரை போய்க் குதிரை வாங்கி, 1878இல் சசெக்ஸில் கிராபெட் பண்ணையைத் தொடங்கினார்கள். உலகத்தில் பல நாடுகளில் நிற்கிற அரபுக் குதிரைகளின் பரம்பரையில் அந்தப் பண்ணையின் இரத்தம் இருக்கிறது. கணவன் மனைவி பிரிந்தபோது குதிரைகளையும் பிரித்தார்கள். பிறகு தகப்பனும் மகளும் குதிரைகளுக்காக வழக்காடினார்கள். பட்டி பிரிக்கப்போய்ப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை வன்னியில் யாரும் காட்டித்தருவார்கள். அவ்வளவு சண்டைக்கு நடுவிலும் அங்கே ஒன்று அழியவில்லை: எது எதற்குப் பிறந்தது என்கிற எழுத்து. அதனால்தான் நூறு வருடத்துக்குப் பிறகும் ஒரு குட்டியைப் பார்த்து அதன் பூட்டியின் பூட்டியைச் சொல்ல முடிகிறது.

கண்காட்சிகளையும் சித்தப்பா நிறையப் பார்த்தார். குதிரையை ஓட்டுவதில்லை, கயிற்றில் பிடித்து நிறுத்திக் காட்டுவது. ஐரோப்பிய முறையில் இனத்தன்மை, தலையும் கழுத்தும், உடம்பும் முதுகும், கால்கள், நடை என்று ஐந்துக்கும் தனித்தனியே 20 புள்ளி. கால்களுக்குத் தனிப் புள்ளி இருக்கிறது என்பது அவருக்குப் பிடித்திருந்தது. கட்டாரில் அல் ஷகாப் என்ற பெரிய பண்ணை 1992இல் தொடங்கியது. அங்கே 2000இல் பிறந்த மர்வான் அல் ஷகாப் என்ற பொலிக்குதிரை உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. எல்லோரும் அதன் தகப்பன் கசல் அல் ஷகாப்பைப் பற்றிக் கதைக்க, சித்தப்பா கேட்டது தாயின் பெயரை. லிட்டில் லிசா ஃபேம் என்று சொன்னார்களாம். அதையும் அம்மாவின் கொப்பியில் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறோம்.

எல்லாம் அழகு என்று சொல்ல முடியாது. முகத்தின் குழிவுக்காக மட்டும் தெரிந்தெடுத்துப் பெருக்கிப் பெருக்கி, மூச்சு விடவே சிரமமாகுமோ என்று மிருக வைத்தியர்கள் எச்சரிக்கும் அளவுக்குச் சில குதிரைகளின் முகம் வந்துவிட்டது. காட்டுவதற்காக வளர்க்கும்போது இந்த ஆபத்து எங்கும் உண்டு. எங்கள் சவாரியிலும் துவரங்கம்பில் ஆணி வைத்துக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள், மாட்டுக்குச் சாராயம் பருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பு அப்படிப்பட்டவர்களுக்கு நாம்பன் விற்க மாட்டார். கேட்ட விலைக்கு மேலே தந்தாலும் இல்லை என்றுதான் சொல்லுவார். சவாரி வேண்டும் என்று நினைக்கிறவள் நான். ஆணி வைத்த கம்போடு வருகிறவரைத் திடலுக்குள் விடவே கூடாது என்பதிலும் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சித்தப்பா 2012இல் திரும்பி வந்தார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, வவுனியாவில் அந்த நாகுகள் எந்த நாம்பனுக்குப் பிறந்தன என்பது. இரண்டும் ஒரே நாம்பனுக்கு என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. அரபுக் குதிரைகளில் ஒரு நோய் உண்டு. குட்டி நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும். பார்க்க நன்றாக இருக்கும், சில மாதத்துக்குள் சாதாரணத் தொற்றில் செத்துவிடும். தாயும் தகப்பனும் அந்தக் குறையை வெளியே தெரியாமல் சுமந்தால், பிறக்கும் குட்டிகளில் நாலில் ஒன்றுக்கு அது வர வாய்ப்பு. 1997இல் அதற்கு மரபணுப் பரிசோதனை வந்த பிறகுதான் சுமக்கிற இரண்டைச் சேர்க்காமல் தவிர்க்க முடிந்தது. நெருங்கிய இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சேர்த்தால் ஒளிந்து கிடக்கும் குறைகள் இப்படி வெளியே வரும். அப்புவுக்கு மரபணு தெரியாது. ஆனால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருக்கால் பட்டி நாம்பனை மாற்றிவிடுவார். பூநகரிப் பக்கத்துப் பட்டிக்காரர் ஒருவரோடு நாம்பனுக்கு நாம்பன் மாற்று. "மகளுக்குத் தேப்பனை விடாதை" என்பது அவர் பேச்சு. சித்தப்பா அதே வீட்டைத் தேடிப் போனார். அந்தக் குடும்பமும் எல்லாம் இழந்து, இரண்டு மாட்டோடு திரும்பத் தொடங்கியிருந்தது. மாற்று முறை திரும்ப ஆரம்பித்தது.

நல்லபடியாகப் பெருகி வரும்போது அடி மேல் அடி. 2020 கடைசியில் தோல் முழுக்கக் கட்டி கட்டியாக வரும் நோய் வடக்குக்கு வந்தது. ஒரு கன்று போனது. 2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர் காற்றும் மழையும் வன்னியில் நூற்றுக்கணக்கான மாடுகளை ஒரே இரவில் கொன்றன. எங்கள் சனத்துக்கு வெயில் தெரியும், வெள்ளம் தெரியும், வரட்சி தெரியும். அந்தக் குளிர் எங்கள் மாடும் அறியாதது, நாங்களும் அறியாதது. விடிய வெளியே வந்து பார்த்தால் தறையெங்கும் மாடுகள் படுத்தபடி கிடந்தன. சித்தப்பா சுட்டி வழி மாடுகளை வீட்டு விறாந்தைக்குள் ஏற்றி, சாக்குக் கட்டி, அடுப்பு மூட்டியதால் அவற்றில் இரண்டைத் தவிர மற்றவை பிழைத்தன. அன்றைக்கு அவர் கட்டாரில் குதிரைக்குப் போர்வை கட்டிய விதத்தில்தான் சாக்கைக் கட்டினார்: மார்புக்குக் குறுக்காக ஒரு முடிச்சு, வயிற்றுக்குக் கீழே ஒன்று, வால் பக்கம் தளர்வாக.

இப்போது பாலுக்காக எல்லோரும் ஜேர்சி இனச் சினை ஊசி போடச் சொல்கிறார்கள். ஐயாவும் அந்தப் பக்கம்தான். கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற குடும்பத்துக்கு அது வருமானம், அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஜேர்சிக் கலப்பு காட்டுக்குள் நடந்து மேயாது, வெயிலில் இளைக்கும், உண்ணிக்காய்ச்சலுக்குச் சீக்கிரம் விழும். சவாரிக்காரர்களோ இப்போது எங்கெங்கோ போய் வளர்ந்த மாட்டை இலட்சக்கணக்கில் வாங்கி வருகிறார்கள். ஊரில் பிறப்பிப்பவர் குறைந்துவிட்டார். விலை கொடுத்து வாங்கினவரிடம் கேட்டால் மாட்டின் பல் சொல்லுவார், ஓடின திடல் சொல்லுவார். தாய் எது என்று கேட்டால் தெரியாது. எனக்குத் தாங்க முடியாதது அதுதான். ஓட்டம் மட்டும் மிச்சமிருந்து, ஓடுகிற உடம்பு எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆள் இல்லாமல் போனால், பத்து வருடத்தில் வன்னிக்கென்று ஒரு மாடு இருந்தது என்பதையே காட்ட முடியாது. பட்டி வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி வேண்டும். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இன்றைக்கே தொடங்க வேண்டும்.

எங்கள் கொப்பி இப்போது பெரிதாகிவிட்டது. ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பக்கம்: தாய், தாயின் தாய், நாம்பன், அந்த நாம்பனின் ஊர், பிறந்த திகதி, நிறம், சுட்டியின் வடிவம், சுழி இருக்கும் இடம், போட்ட ஊசி, யாருக்குக் கொடுத்தோம். சுழியை நான் நம்பாவிட்டாலும் எழுதுகிறேன். ஒரே நிறத்து இரண்டு மாட்டைப் பிரித்துச் சொல்ல அதைவிட நல்ல அடையாளம் இல்லை. என் மகள் தொலைபேசியில் படம் எடுத்து, பிரதி எடுத்து ஒட்டுகிறாள். இரண்டு பக்கப் படமும் நெற்றிப் படமும் கட்டாயம் என்று சித்தப்பா சட்டம் போட்டிருக்கிறார். குதிரைக் கடவுச்சீட்டில் கண்டது.

இந்த வருடம் வீட்டில் நடந்த வாக்குவாதம் ஒரு நாகைப் பற்றியது. நாலு பல்லு, நல்ல எட்டு நடை, முதல் சுட்டிச் சிவலைக்கு எட்டாவது தலைமுறை. ஐயா ஊசி போடச் சொன்னார். சித்தப்பா பூநகரி நாம்பனுக்கு விடச் சொன்னார். கடைசியில் வேறு இரண்டு பசுவுக்கு ஊசி, இந்த நாகு நாம்பனுக்கு என்று முடிவானது. பங்குனியில் விட்டால் மார்கழிக் குளிரில் கன்று விழும் என்பதால் வைகாசிவரை தள்ளிவைத்திருக்கிறோம். மாசியில் ஈன்றால் வெட்டின வயல் தாய்க்கு மேய்ச்சலாக இருக்கும். பிறப்பது பசுக்கன்று என்றால் அது வவுனியா அக்காவுக்குப் போகும். மாண்டஸ் குளிரில் அவவின் வளவிலும் ஒரு பசு செத்துவிட்டது. இந்த முறையும் வாரம் எங்களிடமிருந்து. சித்தப்பா அந்தப் பக்கத்தில் அவவின் பெயரை இப்போதே எழுதிவிட்டார்.